ஒரு வாரம் செய்தி வேண்டாம்

விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத மனிதன் நான். வீடியோ கேமைச் சொல்கிறேன். பிழைப்புக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். மற்ற நேரமெல்லாம் எந்த கேம் எப்போது வருகிறது, எந்தக் கம்பெனி எதில் சறுக்கியது என்று என் இணையப் பக்கத்தில் கருத்துச் சொல்கிறேன். இரண்டாயிரம் பேர் படிக்கிறார்கள். என் மனைவி அதில் சேர்த்தியில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆறு வருடமாக நான் காத்திருந்த கேம் வெளிவர ஒரு வாரம் இருந்தது. மூன்று நாள் லீவும் வாங்கியாகிவிட்டது. ஒரே பயம், அதன் கதையை எவனாவது முன்கூட்டியே போட்டு உடைத்துவிடுவானோ என்பதுதான். ஆகவே ஏழு நாள் இணையத்தைத் துறப்பது என்று முடிவெடுத்தேன்.

மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறாள். சீட்டில் எழுதாத மாத்திரையை அவளிடமிருந்து யாரும் வாங்கிவிட முடியாது. காவலுக்கு இதைவிட நல்ல ஆள் ஏது?

"இந்தா என் போன். நான் பழைய பட்டன் போனை வச்சுக்கறேன். என் பக்கத்தோட பாஸ்வேர்டையும் மாத்திடு" என்றேன். "கேமைப் பத்தி எந்தச் செய்தி வந்தாலும் என்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"எந்தச் செய்தியுமா?"

"எதுவும். நானே கெஞ்சினாலும் சொல்லாதே."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ரெண்டு மாசமா யோசிச்சேன்."

"சரி" என்று போனை வாங்கிக் கைப்பையில் போட்டாள்.

மறுநாள் அவள் பேச்சில் தேன் சொட்டியது.

"என்னங்க, அந்தத் திரைச்சீலையெல்லாம் துவைச்சு மாட்டிடுங்களேன். அன்னைக்கு டிவி மேல வெயில் அடிச்சா எப்படி விளையாடுவீங்க?"

நியாயம்தானே? துவைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் பரண். "தூசியில மெஷின் சூடாகும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் எழுத்தைப் படித்திருக்கிறாள். இரண்டே மணி நேரத்தில் பரண் பளபளத்தது.

பிறகு கிறீச்சிடும் பால்கனிக் கதவு. சண்டைக் காட்சியில் கவனம் சிதறுமாம். அடுத்து ஒழுகும் குழாய். அதற்கும் அதே காரணம். கடைசி இரண்டு நாள் ஹாலுக்குப் பெயின்ட். வெள்ளைச் சுவர் திரையின் வெளிச்சத்தைக் கெடுக்கும் என்று போன வருடம் நானேதான் எழுதினேனாம். நிறத்தை மட்டும் அவள் தேர்ந்தெடுத்தாள். கை மரத்துப் போய் ஏணியில் நின்றபடி, இப்படியொரு துணை யாருக்குக் கிடைக்கும் என்று நெகிழ்ந்துபோனேன்.

அந்த நாளும் வந்தது. குளித்துவிட்டு, பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். திரையில் இரண்டு வரி வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் வெளியீடு ஏழு மாதம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. வருந்துகிறோம்.

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ஏழு மாதமேதான்.

சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தள்ளிப் போயிடுச்சாம்" என்றேன்.

"ஆமாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போனைக் குடுத்தீங்களே, அன்னைக்குச் சாயங்காலமே வந்துடுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அதுக்குத்தான் போனை வாங்கும்போதே ரெண்டு தடவை கேட்டேன். யோசிச்சுட்டேன்னீங்க."

லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் எப்படி விழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி விழித்தேன். பிறகு ரோஷம் வந்தது. அந்தக் கம்பெனியை நார் நாராகக் கிழித்து ஒரு கட்டுரை எழுதினால்தான் மனசு ஆறும்.

"பாஸ்வேர்டைச் சொல்லு. இதைப் பத்தி எழுதணும்."

"அது நான் அன்னைக்கே எழுதிட்டேனே" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

என் பக்கத்தில் மூன்றே வரி. 'கேம் ஏழு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. சரியாகச் செய்து முடிக்க நேரம் வேண்டுமாம், கொடுப்போம். அதுவரை வீட்டில் இருக்கிற வேலையைப் பாருங்கள்.' கீழே நானூறு பேர் பாராட்டியிருந்தார்கள். எனக்கு நாற்பதைத் தாண்டியதில்லை. ஒருவர், 'மூணு வருஷமா படிக்கிறேன், இன்னைக்குத்தான் நீங்க சொல்றது புரிஞ்சது' என்று எழுதியிருந்தார்.

"சரி, இப்ப பாஸ்வேர்டைக் குடு" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாள். "வாசகர்கள்தான் வேண்டாங்கறாங்க."