கிளேஸு போன கட்டர்

பலகையிலிருந்து புகை கிளம்பியதும் தமிழ்செல்வன் மரம் செதுக்கும் ரூட்டர் மிஷினை அணைத்தார். 'வளர்மதி தையலகம்' என்று செதுக்க வேண்டிய பலகையில் 'வ' மட்டும்தான் விழுந்திருந்தது. அதுவும் கல்லில் மறந்துபோன தோசை மாதிரி கருகியிருந்தது.

விடிந்தால் கடை திறப்பு. மனைவி வளர்மதி வருஷக்கணக்காக ஆசைப்பட்ட கடை. அவள் பாட்டுக்கு ஃப்ளெக்ஸ் போர்டுக்குச் சொல்லியிருந்தாள். அதை வேண்டாமென்று நிறுத்திவிட்டு, மாமனார் வீட்டார் அத்தனை பேர் எதிரிலும், மரத்தில் நானே செதுக்கித் தருகிறேன் என்று மார்தட்டியவர் இவர்தான். புது மிஷின் வந்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கட்டரு மட்டமான சரக்கு" என்றார் வளர்மதியிடம்.

சரக்கைப் பற்றி அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. ஜாடியோ கோப்பையோ, மேலே பூசிய கிளேஸ் பளபளக்க வேண்டும். கடுகளவு பெயர்ந்திருந்தாலும் கழித்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், காபி குடித்த கப்பை வெளிச்சத்தில் பிடித்து கிளேஸ் பார்த்தவர் என்று அந்த வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மிஷினில் மாட்டுகிற கட்டரையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார். முனை எந்த உலோகம், தண்டு என்ன கனம் என்றெல்லாம் கேட்கவில்லை. வெட்டும் விளிம்பில் சிவப்பாக ஒரு பூச்சு மினுங்கியது. அது எதில் சீராக இருந்ததோ அதுதான் உசத்தி என்று எடுத்து வந்தார். இப்போது அந்தச் சிவப்பு பிய்ந்து தொங்கியது.

"கிளேஸே நிக்கல, இது எங்க மரத்த வெட்டப் போவுது?" என்று கழற்றி மூலையில் வீசினார்.

வளர்மதியின் தம்பி மதிவாணன், ஆட்டோ ஓட்டுகிறவன், அதைப் பொறுக்கிக்கொண்டான். "நான் வெச்சுக்கட்டுமா மாமா?"

எடுத்துக்கொள், காது குடையக்கூட உதவாது என்றார் பெருந்தன்மையாக.

அவன் ஆட்டோவிலேயே கட்டர் வாங்கிய கடைக்குப் பறந்தார்கள். கடைக்காரர் கோவிந்தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிளேஸைப் பற்றி எனக்கே பாடமா என்று தமிழ்செல்வன் அவரை அடக்கிவிட்டு, இன்னும் உசத்தியாக, இன்னும் தடித்த பூச்சாகப் பார்த்து இரண்டு வாங்கினார். பூச்சு தடித்ததற்கேற்பப் புகையும் தடித்தது. 'ள' வர வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது. பலகையைத் திருப்பிப் போட்டு, வேறொரு கட்டரை மாட்டினார். எதிர்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். சிவப்பு பிய்ந்தது தெரிந்ததும் அந்தக் கட்டரும் மூலைக்குப் போனது.

வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேரே இல்லாத கடையத்தான் நான் தொறக்கணுமா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பெண்ணாடத்தில் ஒரு கடையில் அசல் சரக்கு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மதிவாணன் சவாரி இருக்கிறது என்று நழுவிவிட, அவர் பஸ் ஏறினார்.

அங்கே வாங்கிய கட்டரில் சிவப்பு, கோயில் குங்குமமாக ஜொலித்தது. இதுதான், இதுதான் என்று மனசு துள்ள, வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பொழுது சாய்ந்து வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரில் சாய்த்து வைத்த புதுப் பலகையில் 'வளர்மதி தையலகம்' எழுத்தெழுத்தாக நின்றது. எங்கும் கருகல் இல்லை. விளிம்புகள் வெண்ணெயில் வெட்டியதுபோல் வழவழவென்றிருந்தன. வளர்மதி முகமெல்லாம் பல்லாக நின்றாள். மதிவாணன் தலைமுடியிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தமிழ்செல்வனுக்குப் பொறாமைகூட வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். இப்படி வெட்டுகிற கட்டர் எந்த ஊரில் இருந்தாலும் இப்போதே போய் வாங்குவேன் என்று குதித்தார்.

"இதுதான்டா தரம். எந்தக் கடையிலடா வாங்குன?"

"நீங்க மூலையில வீசுனதுதான் மாமா" என்றான் மதிவாணன். "புதுசுல முனை மழுங்காம இருக்க செவப்பா ஒரு தோலு பூசி அனுப்புறாங்க, அத உரிச்சாதான் வெட்டும். நீங்கதான் ஒவ்வொன்னா உரிச்சு உரிச்சுக் குடுத்துட்டீங்களே."