டீத்தூள் மாத்தப் போன லிஃப்ட்காரர்

ஒரு கையில டீத்தூள் டின். இன்னொரு கையில புனல். பல்லுக்கு நடுவுல கிழிச்ச பாக்கெட். இந்தக் கோலத்துல லிஃப்ட்காரர் சமையல்கட்டுல நிக்கும்போதுதான் பின்னாடி குரல் கேட்டுச்சு.

"என்னங்க, இனிமே பல்லு விளக்கவும் டீத்தூள்தானா?"

திரும்பினா வீட்டம்மா. இந்நேரம் வேலைக்குப் போயிருக்க வேண்டிய வீட்டம்மா. கதவு நிலையில சாஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு, ரொம்ப நேரமா வேடிக்கை பாக்கிறவங்க மாதிரி நிக்கிறாங்க. பாக்கெட் பல்லை விட்டு நழுவுச்சு. அரைக்கிலோ மலிவுத்தூள் அடுப்பு, தரை, அவர் கால்விரல்னு பாரபட்சம் இல்லாம பரவிடுச்சு.

மனுஷன் திருடனும் இல்ல, கஞ்சனும் இல்ல. ஏங்கிப்போன ஆளு, அவ்வளவுதான். அந்த ஏக்கத்தைச் சொல்லிட்டுத்தான் இந்தத் தூளைப் பெருக்கணும்.

லிஃப்ட் ரிப்பேர் பாக்குறது அவர் தொழில். மூணு வருஷம் முன்னாடி திடீர்னு முதலாளி ஆசை பிடிச்சு, வேலையை விட்டுட்டு ஜெராக்ஸ் கடை போட்டார். மூணு மெஷின். மூணும் தாளை உள்ள வாங்கிக்கும், வெளிய விடாது. பதினோரு மாசத்துல கடையை மூடியாச்சு. கடன் மட்டும் திறந்தே இருந்துச்சு. அந்தக் கடனும் வீட்டம்மா பேர்ல. அப்போ வீட்ல சம்பளச் சீட்டு வச்சிருந்த ஒரே ஆள் அவங்கதான்.

லிஃப்ட்காரர் பழைய வேலைக்கே திரும்பினார். காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஒன்றரைக்கு முடியும். வீட்டம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல காலை ஷிஃப்ட்ல இருந்தவங்க, கூடுதலா நாலு காசு வரும்னு மதிய ஷிஃப்டுக்கு மாறினாங்க. மூணுல இருந்து பதினொண்ணு. அவங்க வரும்போது இவர் தூக்கம். இவர் போகும்போது அவங்க தூக்கம். லீவு நாள்ல ரெண்டு பேருக்கும் ஓவர்டைம், அதுவும் வேற வேற நாள்ல.

நடுவுல கிடைக்கிறது மூணே நிமிஷம். அதுவும் மாடிப்படியில. ரெண்டே காலுக்கு இவர் ஏறுவார், ரெண்டே காலுக்கு அவங்க இறங்குவாங்க. ரெண்டாவது மாடித் திருப்பத்துல சந்திப்பு. ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் கிடையாது. அதுவும் புண்ணியம்தான். இருந்திருந்தா அந்த மூணு நிமிஷமும் போயிருக்கும்.

"சாப்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு. பாலை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. பொண்ணுக்குக் கணக்கு நோட்டு வேணுமாம்."

"வாங்கிடுறேன். என்ன, முடியெல்லாம் ஈரமா இருக்கு?"

"காய வைக்க நேரம் ஏது. பஸ் வந்துரும், வரேன்."

அவ்வளவுதான். அவங்க இறங்கின பிறகும் சோப்பு வாசனை படியில கொஞ்ச நேரம் நிக்கும். அது கலையுற வரைக்கும் இவரும் நிப்பார். கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷம், ஆனா ஏக்கம் என்னவோ புது மாப்பிள்ளை ஏக்கம். பெருசா ஒண்ணும் கேக்கல மனுஷன். ஒரு சாயங்காலம். எதிரும் புதிருமா ரெண்டு டம்ளர் டீ. பஸ் அவசரம் இல்லாம அவங்க பேசணும், இவர் கேக்கணும். பேச விஷயம் இல்லைன்னா சும்மா உக்காந்திருந்தாக்கூடப் போதும். ஆனா அவர் கணக்குப்படி கடன் முடிய இன்னும் இருபது மாசம் இருந்துச்சு.

போன மாசம் ஒரு நாள், ஒன்பதாவது மாடி உசரத்துல லிஃப்ட் கம்பிக்கு கிரீஸ் தடவிக்கிட்டு இருக்கும்போது பொறி தட்டுச்சு. மளிகைச் செலவைப் பாதியா வெட்டினா கடன் ஏழெட்டு மாசம் முந்தியே முடியும். கடன் முடிஞ்சா வீட்டம்மா காலை ஷிஃப்டுக்கே வந்துடுவாங்க. அன்னைக்கே படியில அறிவிச்சார்.

"இனிமே மளிகை நான் வாங்குறேன்."

"உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

"நக்கிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

"கடைக்காரர் எல்லாத்தையும் நக்க விடமாட்டார்ங்க."

ஆனா காரணத்தை மட்டும் அவர் வாயைத் திறந்து சொல்லல. பதினெட்டு வருஷம் கழிச்சுப் பொண்டாட்டிகிட்ட போய் உன்னைப் பாக்கணும் போல இருக்குன்னு எப்படிச் சொல்றது? வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு.

அப்புறம் வீட்ல நடந்தது எல்லாம் வெட்டுதான். குளியல் சோப்பை நாலா வெட்டினார். பத்தாவது படிக்கிற பொண்ணு அதுல ஒரு துண்டை உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டு, "அப்பா, இது தேச்சுக் குளிக்கவா, தண்ணி ஊத்தி முழுங்கவா?"ன்னு கேட்டுச்சு. எண்ணெயை ஸ்பூன்ல அளந்தார். முட்டை சட்டியை விட்டு வரமாட்டேன்னு அடம்பிடிச்சுச்சு. பிஸ்கட் டப்பா பீரோவுக்குள்ள போச்சு. சாவி அவர் இடுப்புல.

வெட்டாம விட்டது டீத்தூள் மட்டும்தான். வீட்டம்மாவுக்குன்னு இருக்கிற ஒரே ஆடம்பரம் அது. பூப்போட்ட டின், உசத்தித் தூள். அதுல கை வைக்க மனசு வரல. ஆனா வீட்டம்மா எழுதி வச்ச பழைய மளிகைச் சீட்டுல அதுதான் பெரிய தொகையா உக்காந்துக்கிட்டு முறைச்சுது. சரி, டின் அதே இருக்கட்டும், உள்ள இருக்கிறது மட்டும் மாறட்டும்னு முடிவு பண்ணி, இன்னைக்கு வேலை விட்டு வரும் வழியில கடைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இருக்கிறதுலயே விலை கம்மியான டீத்தூள் ஒரு அரைக்கிலோ."

"எப்பவும் போறதுதானேண்ணே"ன்னு கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தார். கேலி பண்ணாம மரியாதையா குடுக்கிறாரே, நல்ல மனுஷன்னு இவர் நெகிழ்ந்துட்டார்.

வீட்டுக்கு வந்தா, படியில வீட்டம்மாவைக் காணோம். திருப்பத்துல பத்து நிமிஷம் நின்னு பாத்தார். முந்தியே போயிட்டாங்க போல. இன்னைக்கு மூணு நிமிஷமும் போச்சு. அந்த வருத்தத்தோடயே மேல ஏறி, அந்த வருத்தத்தோடயே புனலைத் தேடினார். அப்புறம்தான் அந்தக் குரல்.

"அது வந்து..."ன்னு ஆரம்பிச்சார்.

"வர வேண்டாம், அங்கயே நில்லுங்க. தூளை மிதிச்சு வீடு பூரா இழுக்காதீங்க." துடைப்பத்தைக் கையில திணிச்சாங்க. "டின்ல இருந்த பழைய தூள் எங்க?"

"பேப்பர்ல கொட்டி வச்சிருக்கேன். அது உசத்தியாச்சே, விருந்தாளி வந்தா..."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

பாத்தார். மோந்து பாத்தார். ரெண்டுலயும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுப் பாத்தார்.

"ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கே."

"ஒண்ணேதான். ரெண்டு வருஷமா அந்த டின்னுக்குள்ள இருக்கிறது இதுதான்."

"நான் தினமும் குடிச்சேனே."

"குடிச்சீங்க. காசுக்கேத்த மணம்னு மெச்சியும் குடிச்சீங்க."

"அப்போ எண்ணெய்?"

"அதுவும்."

"அரிசி?"

"பை மட்டும் உசத்தி."

"நான் மாசா மாசம் குடுத்த மளிகைக் காசு?"

"கடனுக்குத்தான் போச்சு, தவணைக்கு மேல. கடன் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுங்க."

துடைப்பம் அந்தரத்துல நின்னுடுச்சு. சந்தோஷப்படவா கோவப்படவான்னு முகத்துக்கே முடிவு பண்ண முடியல. அப்புறம் ஒரு விஷயம் மெதுவா உறைச்சுது.

"நாலு மாசமா? அப்புறம் ஏன் இன்னும் மதிய ஷிஃப்டுக்குப் போற?"

"பொண்ணு படிப்புக்குக் காசு சேருது."

"காலை ஷிஃப்ட்ல சேராதா?"

"கடன் முடிஞ்சதுன்னு சொன்னா நீங்க அடுத்த கடை போடுவீங்க."

"யாரு, நானா? போடவே மாட்டேன்."

"போன மாசம் படியில நின்னு சோடா மெஷின் என்ன விலைன்னு பேசினது யாரு?"

"அது சும்மா, ஒரு பேச்சுக்கு."

வீட்டம்மா அடுப்பு மேல கிடந்த தூளை விரலால ஒதுக்கினாங்க. ஒதுக்கினதையே திரும்பவும் ஒதுக்கினாங்க.

"படியில பத்து நிமிஷம் நின்னீங்களே, எதுக்கு?"

"நீ பாத்தியா?"

"நம்ம வீட்டுக்கு மேல் மாடிக் கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னு பாத்தேன்."

"நீ வருவேன்னுதான் நின்னேன்."

"அதான்." குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. "பதினாறு வருஷம் சாயங்காலம் பூரா நான் வீட்லதாங்க இருந்தேன். பேப்பர் படிப்பீங்க. டிவி பாப்பீங்க. ஸ்குரூ எண்ணுவீங்க. புதுத்துணி உடுத்திக்கிட்டு எதிர்ல வந்து நின்னா, டிவி மறைக்குது தள்ளிக்கோன்னுவீங்க. இப்போ முடி ஏன் ஈரமா இருக்குன்னு கேக்கறீங்க. அதைக் கேக்கத்தான் கடன் முடிஞ்ச பிறகும் படி இறங்கிட்டு இருக்கேன். வீட்டோட இருந்துட்டா அது போயிடும்ல."

லிஃப்ட்காரருக்குத் தலை கால் புரியல. இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் அந்த வியாதின்னு நெனச்சிருந்தார்.

"போகாதும்மா. சத்தியமாப் போகாது. நீ எதிர்ல உக்காரு, நான் கண்ணை எடுத்தா கேளு."

"பாத்துடலாம். இன்னைக்கு முழு நாள் லீவு போட்டிருக்கேன். சோப்பை வெட்டினவர் அடுத்து எதை வெட்டப் போறார்னு கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் போட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் நல்லபடியா போச்சுன்னா, திங்கக்கிழமையே காலை ஷிஃப்டுக்கு எழுதிக் குடுத்துடுறேன்."

அவரே டீ போட்டார். பீரோவைத் திறந்து பிஸ்கட் டப்பாவை விடுதலை பண்ணினார். ரெண்டு நாற்காலியை முழங்கால் இடிக்கிற மாதிரி எதிர் எதிரா இழுத்துப் போட்டார். வீட்டம்மா உக்காந்தாங்க. ஜன்னல் வெயில் அவங்க தோள் மேல விழுந்துச்சு. காதோரம் நாலஞ்சு நரை. படியில இருட்டுல இது தெரியலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தார்.

அவங்க பேச ஆரம்பிச்சாங்க. தலையணை உறைக்குள்ள யாரோ மறந்து விட்ட கம்மல். அதைத் தேடிக்கிட்டு நோயாளி உடுப்போடயே சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்த கிழவர். புதுசா சேர்ந்த பொண்ணு வெள்ளைத் துணியோட சிவப்புத் துணியைப் போட்டு ஒரு வார்டையே ரோஸ் கலர் ஆக்கினது. ரெண்டு வருஷக் கதை, சாவகாசமா, வரேன் போறேன் இல்லாம வந்துச்சு. அந்தரத்துல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மெதுவா தரைத்தளத்துல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு அவருக்கு. உடம்பெல்லாம் இளகிடுச்சு. இதுக்குத்தானே சோப்பை வெட்டினோம்னு நெனச்சார். குரல் இன்னும் கொஞ்சம் கிட்ட கேக்கட்டும்னு கண்ணை ஒரே ஒரு நிமிஷம் மூடினார்.

திறந்தப்போ எதிர் நாற்காலி காலி. மடியில போர்வை. டம்ளர் ரெண்டும் கழுவிக் கவுத்தாச்சு. வாசல்ல செருப்பு மாட்டுற சத்தமும் போன் பேசுற குரலும் கேட்டுச்சு.

"அக்கா, முழு நாள் லீவு வேண்டாம், அரை நாளாப் போட்டுக்கங்க. ஆமாக்கா, இதோ பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன்."

உங்க வீட்லயும் இப்படி நடந்திருக்கா? நீங்களாவது முழிச்சிருந்தீங்களா?