ரிகர்சல் மேஸ்திரி அறுத்த பலகை

தும்மலுக்குக்கூட ஒத்திகை பார்த்துவிட்டுத் தும்மிய மனிதர் என்று உலகத்திலேயே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். எண்பதுகளில் திண்டிவனம் ரயில்வே கேட் அருகே ஒரு பர்னிச்சர் பட்டறையில் ஆர்டர் புத்தகம் எழுதும் வேலை எனக்கு. விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வருவேன். அங்கே பிளைவுட் அறுப்பவர்தான் அவர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு ரிகர்சல் மேஸ்திரி.

முதலாளி மெட்ராசிலிருந்து கரண்டு ரம்பம் ஒன்று வாங்கி வந்திருந்தார். தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குதித்து, வளைவுகளைக்கூட அறுத்துவிடும். வேறு யாராக இருந்தாலும் சுவிட்சைப் போட்டு அறுத்துத் தள்ளியிருப்பார்கள். மேஸ்திரி அப்படியெல்லாம் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் பீரோவின் ஒவ்வொரு பாகத்தையும் பழைய பேப்பரில் வெட்டிக்கொள்வார். துளிப் பலகையும் வீணாகாதபடி அவற்றைப் பரப்பி நகர்த்திக்கொண்டே இருப்பார். பிறகு சாக்பீஸ். வெள்ளைக்கோடு முதலில் அறுக்க, மஞ்சள் அடுத்து, சிவப்பு கடைசி. அதன் பிறகு பிளக்கைச் சொருகாமலே ரம்பத்தைக் கையில் பிடித்து, வாயால் "உர்ர்ர்" என்று சத்தம் கொடுத்தபடி கோடு முழுக்க ஒரு சுற்று வருவார். மூலை வந்தால் "உர்ர்ர்" மெதுவாகும். கரண்டு இல்லாத நாளில்கூட வேலை நடக்கிறதே என்று உள்ளறையில் உட்கார்ந்து முதலாளி பூரித்துப்போனதுண்டு.

"உள்ள வர்ற ஓட்டைய மொதல்ல அறுக்கணும் ரைட்டரே. வெளிக்கோட்ட மொதல்ல அறுத்தா பலகை நிக்காது, ஆட்டம் குடுக்கும்" என்பார் என்னிடம். முடிக்கும்போது இரண்டு விரல் அகலத்துக்கு அறுக்காமல் விட்டுவிடுவார். இல்லாவிட்டால் துண்டு தன் கனத்திலேயே தொங்கிப் பிய்ந்துவிடுமாம். அதற்கு அவர் வைத்த பெயர் தொப்புள்கொடி. ஒருவர் கீழே தாங்கிப் பிடித்த பிறகுதான் அதை அறுப்பார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். வருகிற முதல் பஸ்ஸில் ஏறவே மாட்டார். படி எங்கே வந்து நிற்கிறது, கண்டக்டர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் ஏறுவார். அவரோடு கிளம்பி நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே கிடையாது.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி ஆகும்? முப்பத்தெட்டு வயது. பதினோரு பெண் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் "ரோசன பண்ணி சொல்றேங்க" என்று எழுந்து வருவார். இவர் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

"இன்னா மேஸ்திரி, ஒரு வார்த்த சொல்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அறுத்துட்டா ஒட்ட முடியாது ரைட்டரே" என்றார். பிறகு, அவரிடம் நான் கேட்டிராத சின்னக் குரலில், "காணைல ஒரு எடம் சொல்லிக்கினு இருக்காங்க. அதுவும் போச்சுன்னா இனிமே பாக்கறதில்ல" என்றார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. துணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விழுப்புரத்தை அடுத்த காணையில் பெண்ணின் அப்பா கரும்பு விவசாயி. பெண் பெயர் லட்சுமி, ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவித்துத் தட்டு நிறைய வைத்தார்கள். பெண் காபி கொண்டுவந்தாள். மேஸ்திரி அவளைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த எட்டுக்கு நாலு பிளைவுட்டைப் பார்த்தார். மகளுக்கு டிரெஸ்ஸிங் டேபிள் செய்ய அப்பா மெட்ராசில் வாங்கியதாம். அதில் கைவைக்கத் தைரியமான ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷமாக அங்கேயே நிற்கிறது.

"நான் அறுத்துத் தர்றேங்க" என்றார் மேஸ்திரி.

"பொண்ணப் பத்தி?"

"மொதல்ல பலகைங்க."

நாலு ஞாயிற்றுக்கிழமை போனோம். ரம்பம் அவர் பையில், பிளக் பாக்ஸ் என் தோளில். வாசலில் பலகை, பேப்பர், மூன்று கலர் சாக்பீஸ், அப்புறம் "உர்ர்ர்". தெருவே மல்லாட்டை உரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. பலகையில் ரம்பத்தின் பல் மட்டும் படவில்லை.

ஐந்தாவது ஞாயிறு அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வாயிலயே அறுத்துக்கினு இருந்தா எப்பங்க முடியறது? பேஜாரா இருக்குது. புடிக்கலன்னா சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாக்கறோம்."

மேஸ்திரி முகம் வெளிறிவிட்டது. பிளக்கைச் சொருகி, ரம்பத்தை வெள்ளைக்கோட்டுக்குக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் நில்லுங்க."

கழுத்தில் அளவு நாடாவோடு லட்சுமி வெளியே வந்தாள். "ரெண்டு பக்கப் பலகையும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்கீங்க. ஒண்ணு எடது, ஒண்ணு வலது இல்ல வரணும்? இப்பிடி அறுத்தா ஒண்ணோட வழவழப்பான நல்ல மொகம் உள்ள போயிடுமே."

மேஸ்திரி பார்த்தார். வளைவும் வளைவும் கச்சிதமாகப் பொருந்திய குஷியில், ஒன்றைப் புரட்டிப் போட மறந்திருக்கிறார். பன்னிரண்டாவது இடமும் போச்சு என்று நான் பிளக் பாக்ஸைத் தோளில் தூக்கத் தயாரானேன்.

லட்சுமி குனிந்து ஒரு பேப்பரைப் புரட்டினாள். டிராயர் துண்டுகளை அந்தப் பக்கம் தள்ளினாள். அரை நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. "நானும் ஒருவாட்டி ரவிக்கைல ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டேங்க."

"அப்பறம் இன்னா பண்ணீங்க?" மேஸ்திரி அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அழுதேன். அப்பறம் ஒட்டுப் போட்டுத் தச்சி நானே போட்டுக்கினேன். இன்னும் நல்லாத்தான் இருக்குது."

மேஸ்திரி துண்டால் பழைய கோடுகளைத் துடைத்தார், புதிதாக வரைந்தார், சுவிட்சைப் போட்டார். ஒத்திகையும் இல்லை, வாயால் "உர்ர்ர்" சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைசியில் தொப்புள்கொடி மிச்சம். வழக்கம்போலத் தாங்கிப் பிடிக்க நான் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, லட்சுமியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க புடிக்கிறீங்களா?"

"நீங்க அறுங்க. நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

பலகை அவள் கையில் பதமாக வந்து உட்கார்ந்தது. அப்பா தொண்டையைக் கனைத்தார். "அப்போ தேதி பாக்கலாங்களா?"

"ஜல்தியா பாருங்க" என்றார் ரிகர்சல் மேஸ்திரி.

சாயங்காலம் காணை ஸ்டாப்பில் நின்றோம். முதல் பஸ் வந்தது. இது போகட்டும் என்று நான் பிளக் பாக்ஸைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மேஸ்திரி ஏறிவிட்டார், பஸ்ஸும் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனார். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன். அவரால் காத்திருந்த நேரங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.