ஓடையில் உட்கார்ந்த தபால்

வர்ஜீனியா, ஆற்றங்கரை முகாம்,
1863 பிப்ரவரி.

அன்பும் மதிப்பும் மிக்க ரோடா அக்காவுக்கு, உன் தம்பி லைமன் குளிரில் விறைத்த விரல்களால் எழுதிக்கொண்டது. நான் நலம். வெர்மான்ட்டில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் பசுக்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதுவரை என்மேல் குண்டு எதுவும் படவில்லை. பட்டதெல்லாம் தண்ணீர்தான்.

எங்கள் படைக் கம்பெனிக்கு ரயிலடியிலிருந்து தபால் கொண்டுவருகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கேப்டன் வார்னர் அந்த வேலையை என் தலையில் கட்டினார், கூடவே சீமாட்டி என்ற கோவேறு கழுதையையும் கொடுத்தார். சேறு காரணமாக வண்டிகள் வராமல் பல வாரத் தபால் தேங்கிக் கிடந்தது. பையைக் கட்டிக்கொண்டு உற்சாகமாகத் திரும்பினேன். நடு ஓடையில் சீமாட்டி நின்றது. தாகமாக்கும் என்று விட்டேன். குடித்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு நம் பாதிரியார் மனைவி கோயில் பெஞ்சில் அமர்வதுபோல் நிதானமாக உட்கார்ந்துவிட்டது. நானும் பையும் கழுத்தளவு தண்ணீரில். நான் கெஞ்சினேன், திட்டினேன், காதைப் பிடித்து இழுத்தேன். தனக்குக் குளிர்ந்த பிறகுதான் எழுந்தது.

முகாமில் பையைத் திறந்தால் உறையெல்லாம் பசை விட்டுக் கூழாகிவிட்டது. ஒரு விலாசமும் மிச்சமில்லை. உள்ளே இருந்த தாள்களில் நடுப்பகுதி மட்டும் தப்பியிருந்தது, மேலே கீழே எல்லாம் மை கரைந்து நீல மேகம். ஓரங்களில் யார் பெயரும் இல்லை. கம்பெனிப் பையன்கள் என்னைப் பீப்பாயில் அடைத்து மலையிலிருந்து உருட்டிவிடுவது என்று தீர்மானித்து, பீப்பாயும் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது கேப்டன் வந்தார்.

"எல்லாரும் நெருப்பைச் சுத்தி உக்காருங்க. லைமன், நீ ஒவ்வொண்ணா சத்தமாப் படி. எவன் வீட்டுக் கதையோ அவன் எந்திரிச்சு வாங்கிக்கட்டும். ஒருத்தனும் கூடாரத்துல இருக்கக் கூடாது."

படித்தேன் அக்கா. முதல் கடிதத்தில் ஒரு தாய், மகன் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து வீட்டு நாய் குரைத்ததாகவும், ஆகவே மீசையை உடனே எடுத்துவிடும்படியும் எழுதியிருந்தாள். மீசை வைத்தவனெல்லாம் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். ஆளாளுக்குத் தன் வீட்டு நாயின் குணத்தை விவரித்து அந்தத் தாய்க்கு உரிமை கொண்டாடினார்கள். அடுத்ததில் மாமியாரைப் பற்றி நான்கு பக்கம். அது தன் மனைவி எழுதியதுதான் என்று கல்யாணமே ஆகாத ஒருவன்கூட எழுந்து நின்றான். பிறகு ஒரு கடிதத்தில் தப்பிய பகுதி, "என் செல்லக் குண்டுப் பூசணிக்காயே" என்று தொடங்கியது. யாரும் எழவில்லை. இன்னொரு முறை, இன்னும் உரக்கப் படித்தேன். கேப்டன் தொண்டையைச் செருமினார்.

"அது ராணுவ விஷயம். இப்படிக் குடு."

கம்பெனி முழுவதும் வானத்தைப் பார்த்தது. சிரிப்பை அடக்கியதில் ஒருவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

எங்கள் கூடாரத்தில் எனோஸ் என்று ஒருவன் உண்டு. அப்பா தடுத்தும் கேளாமல் படையில் சேர்ந்தவன். இனி என் வாசலை மிதிக்காதே என்று அவர் சொல்லியனுப்பினாராம். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வரியும் வந்ததில்லை. தபால் வரும் நேரத்தில் மட்டும் அவனுக்குத் துப்பாக்கி துடைக்கும் வேலை வந்துவிடும். அன்று கேப்டன் உத்தரவால் அவனும் உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டியபடி.

அடியில் ஒட்டிக் கிடந்த ஒரு சின்னத் தாளைப் பிரித்தேன். கட்டை எழுத்து. "பழுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. அதற்கு உன் பெயரை வைக்க வேண்டுமென்று உன் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் கூடாது என்றேன். நீ வந்த பிறகு, லாயத்தில் நின்று கூப்பிட்டால் யார் வருவது?"

எனோஸ் மெல்லத் திரும்பினான்.

"அது எங்கப்பா," என்றான். "எங்கப்பாதான். திரும்பப் படிடா."

படித்தேன். மறுபடியும் படித்தேன். யாரும் கேலி செய்யவில்லை. பிறகு எவனோ குதிரைக்குட்டிக்குப் பெயர் யோசிக்கத் தொடங்க, சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. எனோஸ் சிரித்த சிரிப்பில் அவனுக்கு முன்பல் ஒன்று இல்லையென்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவனைத் தூக்கிச் சுற்றினார்கள், என்னையும் தூக்கினார்கள். பீப்பாயை உடைத்து நெருப்பில் போட்டார்கள். படையில் சேர்ந்த பிறகு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டோம்.

ஆகவே கவலை வேண்டாம். தபாலுக்கு இனி வேறு விலங்கு. எதையும் ஒளிக்காமல் மனம் விட்டு எழுது, உன் கடிதத்தில் என் கண்ணைத் தவிர வேறு கண் படாது. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளின் கன்னத்துக்கு ஆளுக்கொரு கிள்ளு.

உன் பாசமுள்ள தம்பி,
லைமன்.

பி.கு.: இப்போதுதான் முடிவானது. இனி தபால் காய்ந்து வந்தாலும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகத்தான் படிக்க வேண்டுமாம். கேப்டன் ஒருவர்தான் எதிர்த்தார். இன்றைய பையில் முதலில் இருப்பது உன் கடிதம், எனோஸ் பிரித்துக்கொண்டிருக்கிறான். அக்கா, சின்ன வயதில் என்னைக் கூப்பிடுவாயே அந்தப் பெயரை மட்டும் எழுதியிருக்க மாட்டாயே? அதோ, சிரிக்கிறார்கள். எழுதிவிட்டாய்.