தலைவருக்குத் தொண்டை சரியில்லை

"முப்பத்தாறா? போன மாசம் நாப்பத்தொண்ணு இருந்துச்சேய்யா!"

கட்சிச் செயலாளர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், கட்சிக்காகக் கருத்துக்கணிப்பு எடுப்பவர். தலைவரை எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று மக்களைக் கேட்டுச் சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'சதவீதம்'தான்.

"இப்படியே இறங்கினா என்ன ஆகும்?"

"முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா ஆட்சி போயிடும்ங்க. முப்பதுக்குக் கீழ போனா நம்ம ஆளுங்களே அந்தப் பக்கம் தாவிடுவாங்க."

"அதுக்கும் கீழ?"

"நீங்களும் நானும் வேற வேலை தேடணும்."

செயலாளர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "ஏதாவது பண்ணுய்யா!"

சதவீதம் யோசித்தார். தலைவர் மக்களோடு மக்களாகப் பேருந்தில் போகட்டும் என்றார்.

தலைவர் போனார். வெகுநேரம் நின்று களைத்து, அப்போதுதான் இடம் கிடைத்து உட்காரப்போன அம்மாளை முந்திக்கொண்டு உட்கார்ந்தார். "பஸ் வசதியாத்தானே இருக்கு?" என்று அவளிடமே கேட்டார். மாலைக்குள் ஊரிலுள்ள எல்லாச் செல்போனிலும் அந்தக் காட்சி ஓடியது.

முப்பத்திரண்டு.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். நோயாளிங்களைப் பாத்தா மக்கள் மனசு இளகும்" என்றார் சதவீதம்.

தலைவர் ஆஸ்பத்திரிக்குப் போய், கால் முறிந்து படுத்திருந்தவரிடம், "எழுந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

இருபத்தெட்டு. இரண்டு மாவட்டப் பொறுப்பாளர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சதவீதத்துக்கு நகம் கடிக்க மிச்சமில்லை. "டிவியில மன்னிப்புக் கேட்டுடலாம்ங்க. ஒரே தடவை, மனசாரக் கேட்டா போதும்."

தலைவர் மனசாரவே கேட்டார். கேட்ட வேகத்தில், அதுவரை யாருக்குமே தெரியாத இரண்டு விஷயங்களுக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டார்.

இருபத்திரண்டு.

"போதும்யா! இனி அவர் வாயே திறக்கக் கூடாது. வெளியவே வரக் கூடாது!" என்று செயலாளர் அலறினார்.

தலைவருக்குத் தொண்டை சரியில்லை, ஓய்வில் இருக்கிறார் என்று அறிக்கை போனது. வீட்டு வாசற்கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வாரம் இருபத்தேழு. அதற்கடுத்த வாரம் முப்பத்தாறு!

சதவீதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். சரிதான். தலைவர் வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்தது தலைவரின் மனைவி. முகம் வாடியிருந்தது.

"அண்ணி, ஜெயிச்சிடுவோம்! தேர்தல் முடியற வரைக்கும் அண்ணனை இப்படியே வீட்டோட வச்சுக்கங்க, அது போதும்!"

உள்ளேயிருந்து தலைவரின் குரல் முழங்கியது. தொண்டை அபாரமாக இருந்தது. "பிரிட்ஜுல தண்ணி பாட்டிலை இந்தத் தட்டுல வைக்கச் சொன்னது யாரு? எனக்கு இப்பவே விளக்கம் வேணும்!"

அவள் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"தம்பி, தோத்தாலாவது மனுஷன் வீட்டோட இருப்பாருன்னு இத்தனை தேர்தல்லயும் எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இந்தத் தடவை நானே தெருத்தெருவா வந்து உங்களுக்கு ஓட்டுக் கேக்கறேன், எப்படியாவது இவரை ஜெயிக்க வச்சிடுங்க!"