ஓட்டமாவடியிலிருந்து சுவிஸுக்கு ஒரு கச்சேரி

மூன்றாம் பரிசு வாங்கியவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதல் பரிசுக்காரர் திருப்தியோடு அடங்கி இருப்பார். பரிசே கிடைக்காதவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். உலகம் தன்னை இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்ற எண்ணம் மூன்றாம் பரிசுக்காரருக்குத்தான் வரும். பதினைந்து வயதில் நான் மாவட்ட சங்கீதப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியிருந்தேன். (பாடியதே மூன்று பேர்தான் என்பதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.)

நாங்கள் கல்குடாக்காரர். நான் பாடுவேன், அண்ணன் சுதா மிருதங்கம் வாசிப்பான். சுனாமி வந்த அன்று மார்கழிப் பூசையில் நான் பாடுவதற்காகக் குடும்பத்தோடு வாழைச்சேனைக் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்தும் ஐயர் பொங்கல் கொடுக்கத் தாமதித்தார். அந்த இடைவெளியில் கடல் வந்து எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சங்கீதம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். பொங்கல்தான் காப்பாற்றியது என்பது அப்பாவின் கட்சி. எங்களிடம் மிஞ்சியவை உடுத்திருந்த உடுப்பும் மிருதங்கமும்தான். பிறகு வந்த கூடாரத்தில் பானைக்கு இடமில்லாத நாளிலும் மிருதங்கத்துக்கு ஒரு மூலை இருந்தது.

அதற்குப் பின் மீசை அரும்பிய பையன்களை வீட்டில் வைத்திருப்பது எங்கள் பக்கத்தில் பெரும்பாடாகிவிட்டது. யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், போனவன் திரும்புவானா என்று தெரியாத யுத்த காலம். அம்மா ஒரு முடிவெடுத்து, சுவிஸில் இருந்த தன் தம்பியிடம் அண்ணனை அனுப்பிவிட்டார். (அவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பது வேறு கதை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.) மாமாவும் மாமியும் அவனைப் பிள்ளை போலவே பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு குறை, மாமியின் சமையல். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைக்கும் அண்ணன் திடீரென்று குரலைத் தாழ்த்தினால், மாமி அடுத்த அறைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

"அம்மா, மாமி சொதியையும் குழம்பையும் ஒரே சட்டியில வைக்கிறா போல. எது எதெண்டு பிரிக்க ஒண்ணாது. வாயில வைக்கேலாது."

அம்மாவுக்குப் பசி போய்விடும். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. ஓட்டமாவடிக் கடைத்தெருவில் ஹனிபா காக்கா கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களோடு முகம் பார்த்துக் கதைக்கும் கடை ஒன்றைத் திறந்தார். (மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் காக்கா என்போம். பறவைக்குச் சம்பந்தமில்லை.) அவர் கடையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலும் ஆணியில் ஒரு துவாய் தொங்கும். வருகிற எல்லோரும் அழுவார்கள் என்பதை அவர் முதல் கிழமையிலேயே கண்டுகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் அழைத்தான்.

"தங்கச்சி, எங்கட மிருதங்க வகுப்பில கலைவிழா. நீ அங்கயிருந்து பாடு, நான் இஞ்ச மேடையில வாசிக்கிறன். உன்னைப் பெரிய திரையில போடுவாங்க. நம்மட சனம் முழுக்க வரும்."

அவன் போனதிலிருந்து குரலைத்தான் கேட்டிருந்தோம், முகத்தைக் கண்டதில்லை. அவனை முதன்முதலாகப் பார்க்கப்போகிறோம் என்று அம்மா அழுதார். என்னை முதன்முதலாக ஒரு வெளிநாடு கேட்கப்போகிறது என்று நானும் அழுதேன். இரண்டும் ஒரே கண்ணீர் என்று நினைத்து அப்பா எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் "எனக்குச் சுவிஸில் கச்சேரி" என்று மட்டும் சொன்னேன். நான் விமானத்தில் போகிறேன் என்று அவர்கள் நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. குளிருக்கென்று ஒருத்தி தன் அக்காவின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து தந்தாள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சங்கீத டீச்சர் தந்த புத்திமதி ஒன்றே ஒன்று. "பாடுறவள் மிருதங்கத்தை விட்டிட்டு ஓடப்படாது. நீ ஓடினா அவன் துரத்துவான். பிறகு அது கச்சேரியா, ஓட்டப்பந்தயமா? மிருதங்கத்தில கை விழுந்தாப் பிறகுதான் நீ அடுத்த அடி வைக்க வேணும்." அண்ணனுக்கும் சிறுவயதில் பாடம் சொன்னவர் அவர்தான். "பாடுறவ வாய் திறந்தாப் பிறகுதான் உன்ட கை விழ வேணும்" என்று அவனுக்குச் சொல்லியிருந்தார். ஒரே மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது இந்த இரண்டு கட்டளைகளும் ஒற்றுமையாகவே இருந்தன.

விழா அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். சுனாமி அன்று கோயிலுக்கு உடுத்திப் போனதால் மிஞ்சிய அம்மாவின் கூறைச் சேலையைச் சுற்றி, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரின் சின்னக் கமராவும் கடையின் டியூப் லைட்டும் சேர்ந்து அந்தப் பவுடரை என்ன செய்தன என்பதைத் திரையின் மூலையில் பார்த்தேன். சேலை கட்டிய ஒரு முட்டை தெரிந்தது.

சத்தம் வரக்கூடாதென்று ஹனிபா காக்கா மற்ற வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு மின்விசிறியையும் நிறுத்தினார்.

"மஹ்ரிப் தொழுகைக்கு முந்தி முடிஞ்சிருமா மகள்?"

"எட்டு நிமிசப் பாட்டுத்தான் காக்கா."

அம்மா இடையில் புகுந்து கச்சேரியைக் கெடுக்கக் கூடாதென்று அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். பாட்டு முடிந்த பிறகு கதைக்கலாம். அதுவரை அம்மாவைக் கமராவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. காகித ஆலையில் பெரிய இயந்திரங்களைக் கட்டியாண்ட மனுஷன். அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

திரை வெளித்தது. ஒரு மண்டபம், பூ அலங்காரம், மேடை. மேடையில் தாடி வைத்த ஒரு ஆள் மிருதங்கத்தோடு இருந்தான். அது அண்ணன் என்று எனக்குப் பிடிபடச் சற்று நேரமானது. அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சேலைத் தலைப்பு இறுகும் சத்தம் எனக்குக் கேட்டது.

அறிவிப்பாளர் என்னை "இலங்கையின் முன்னணி இளம் பாடகி" என்றார். (அண்ணன்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவனும் மூன்றாம் பரிசுக்காரியின் அண்ணன்தானே.) நான் கும்பிட்டேன். தொடங்கினேன்.

என் பாட்டு கடல் தாண்டி அங்கே போக ஒரு மூச்சு நேரமும், மிருதங்கம் திரும்பி வர இன்னொரு மூச்சு நேரமும் எடுக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒத்திகையில் தொலைபேசியில் நான் பாடினேன், அவன் "நல்லாரிக்கு" என்றான். அவ்வளவுதான் ஒத்திகை. இப்போது என் அடி முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவன் அடி வந்தது. பாவம், அண்ணனுக்கு என் பாட்டுக்கு வாசிக்கும் பழக்கம் விட்டுப் போய்விட்டது என்று நினைத்து அவனுக்காக நான் வேகத்தைக் குறைத்தேன். தங்கச்சிக்கு மூச்சு முட்டுகிறது என்று அங்கே அவனும் குறைத்தான். அவன் குறைத்ததைக் கண்டு நான் இன்னும் குறைத்தேன். எங்களுக்குள் அப்படியொரு பாசம் அதுவரை இருந்ததில்லை.

பாட்டு நடந்தது, பிறகு தவழ்ந்தது. ஹனிபா காக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு நிமிடம் எப்போதோ போய்விட்டது, நான் இன்னும் பல்லவியைத் தாண்டவில்லை. பவுடர் கோடு கோடாக வழிந்து கழுத்துக்கு வந்தது.

கடைசியில் ஒரு நீண்ட "ஆ" வந்தது. வாயைத் திறந்து அதைப் பிடித்துக்கொண்டு, மிருதங்கம் விழட்டும் என்று காத்திருந்தேன். மூச்சு முடிந்தது, வாயை மட்டும் மூடாமல் வைத்திருந்தேன். அங்கே அண்ணன் கையைத் தூக்கிப் பிடித்தபடி, நான் அடுத்த அடி எடுக்கட்டும் என்று காத்திருந்தான். மேடை மரியாதை கருதி இருவரும் அசையவில்லை. நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"படம் நிண்டிட்டுது" என்று சுவிஸில் யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

"லைன் போயிற்று" என்று இங்கே ஹனிபா காக்கா சொல்லிவிட்டு, வயரை ஆட்டிப் பார்க்க மேசைக்குக் கீழே குனிந்தார்.

லைன் போகவில்லை. அன்றைக்கு இருந்த மாதிரி ஒரு லைன் அந்தக் கடைக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

அம்மா காக்காவை நம்பினார். லைன் போய்விட்டது, திரையில் இருப்பது மகனின் படம், படத்துக்குக் காது கேட்காது. அப்பா ஏமாந்த நேரத்தில் தலைப்பை உருவிக்கொண்டு வந்து, என்னைக் கதிரையோடு ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் திரையில் தெரிந்த அண்ணனின் கன்னத்தைத் தொட்டார். அங்கே மண்டபத்தில், இரண்டாள் உயரத் திரை முழுக்க அம்மாவின் முகம்.

"என்ட மனே," என்றார் அம்மா. "உன்னைச் சின்னப் பொடியனா அனுப்பினன். ஆரோ ஒரு ஆம்பிளை இருக்கிறான் இதுக்குள்ள. நான் உன்னை அனுப்பியிருக்கப்படாது எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறன் மனே. அனுப்பாட்டி நீ இருக்கவும் மாட்டாய் எண்டு மறுகா நினைக்கிறன். எதை நினைச்சாலும் நித்திரை வாறல்ல."

இந்த இடத்தில் அங்கே அண்ணன் எழுந்து, "அம்மா, கேக்குது. எல்லாருக்கும் கேக்குது" என்று சொல்லியிருக்கிறான். அது கடல் தாண்டி வருவதற்குள் அம்மா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"இப்பிடி மெலிஞ்சு போனாயே. எப்பிடி மெலியாம இருப்பாய். உன்ட மாமி வைக்கிற சொதிய நாய்க்கு வைச்சா, நாய் வீட்டை விட்டுப் போயிரும் எண்டு நீதானே சொன்னாய்."

அண்ணனின் "எல்லாருக்கும் கேக்குது" அப்போதுதான் வந்து சேர்ந்தது.

படம் அசைந்து கதைத்ததைக் கண்டு அம்மா ஒரு அடி பின்னால் வந்தார். மண்டபம் தெரிந்தது. முன்வரிசையில் மஞ்சள் பட்டுச் சேலையோடு ஒருவர் எழுந்து நின்றார். மாமி. மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்த ஹனிபா காக்கா நிலைமையைப் பார்த்தார். ஆணியிலிருந்த துவாயை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

பிறகு மண்டபம் கைதட்டியது. என் பாட்டுக்கு இல்லை. பலர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள், சிலர் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு அம்மா இருந்திருப்பார். அண்ணன் மிருதங்கத்துக்கு முன்னால் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி முழங்கையால் முகத்தைத் துடைத்தான். அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சி பரதநாட்டியம் என்றார். நான் அனுபல்லவிக்குத் தயாராக வாயைத் திறந்தேன். திரை கறுத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் "சுவிஸ் எப்பிடி?" என்று கேட்டார்கள். "குளிர்" என்று சொல்லி ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் ஊருக்கு வந்தான். வாழைச்சேனைக் கோயிலில் இருவரும் ஒரே மேடையில் கச்சேரி செய்தோம். ஒரு பிழையும் இல்லாமல் நடந்தது. அதனால் அது யாருக்கும் ஞாபகமில்லை. அண்ணனோடு மாமியும் வந்திருந்தார். வந்த மறுநாளே எங்கள் குசினியில் தானே நின்று சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அம்மா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அண்ணன் சொன்னதில் மிகைப்படுத்தல் எதுவும் இருக்கவில்லை.

இப்போது எல்லோர் கையிலும் படத்தோடு கதைக்கும் போன் வந்துவிட்டது. ஞாயிறுகளில் மாமி அழைப்பார். சுகம் விசாரித்து, "சரி மச்சாள், வைக்கிறன்" என்பார். ஆனால் வைக்கமாட்டார். கமராவை விரலால் மூடிக்கொண்டு சத்தமில்லாமல் காத்திருப்பார். அவர் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பி, மூன்று வீடு கேட்கும்படி சொல்வார்:

"என்னதான் சொன்னாலும் மச்சாள்ட கை பட்டாக் கறிக்கு ஒரு தனி ருசிதான்."

அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். அம்மா போனைக் காட்டிக் கண்ணால் மிரட்டுவார்.

"ஓம் ஓம்," என்பார் அப்பா. "சொதிதான் திறம்."

அதற்குப் பிறகுதான் சுவிஸில் லைன் வெட்டுப்படும்.