கைகொடுக்கும் நிதிக்கு வெள்ளி விழா

மாணவர்களின் கஷ்டத்துக்கு உரிய மரியாதை தரும் இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்ட் நிற்காமல் போகும் மாடியில், இருக்கிறது. 'மாணவர் நல்வாழ்வு மற்றும் நிதி ஆதரவு மையம்' என்று பித்தளைப் பலகை. கீழே 'பணம் ஒரு தடையல்ல' என்று ஒரு வாசகம். கஷ்டத்தை மதிக்கத் தெரிந்தவர்கள் அதை அவசரப்பட்டுத் தீர்த்துவிட மாட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்து, நன்றாகப் பேசி, கோப்பில் போட்டு, அதற்கு ஓர் எண் கொடுத்து, பத்திரமாகப் பாதுகாப்பார்கள். மையமும் அப்படித்தான் செய்துவந்தது.

மையத்தின் பெருமைக்குரிய சொத்து 'கைகொடுக்கும் நிதி'. இளங்கலை மாணவர்களில் பணமில்லாதவர்களுக்காக ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போனது. அது ஆண்டுக்கு ஆண்டு குட்டி போட்டு வளர்ந்துகொண்டே இருந்தது. மற்ற நிதிகளெல்லாம் கரைந்துபோக, இது மட்டும் எப்படி வளர்கிறது என்று வெளியூர் நிபுணர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த மையத்துக்குத்தான் அந்தப் பெண் விண்ணப்பித்தாள். தாவரவியல், மூன்றாம் ஆண்டு. எதைச் சொன்னாலும் ஒரு எதிர்க்கேள்வி போடுவதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஏணி வழுக்கி விழுந்து கால் முறிந்து, நாலு மாதமாகக் கட்டிலோடு இருந்தார். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அந்த ஒரு சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போக, மகளின் கடைசிப் பருவக் கட்டணம் மட்டும் அந்தரத்தில் நின்றது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் தேர்வு போச்சு. தேர்வு போனால் மூன்று வருஷப் படிப்பும் போச்சு.

படிவம் பதினாலு பக்கம். மூன்று நகல் வேண்டும். வளாகத்து ஜெராக்ஸ் கடையில் நகல் எடுக்கப் போனபோது, சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருப்பதைப் பார்த்தாள். கடைக்கார அண்ணனேதான். ஒரு ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த காசோலையைப் பிடித்தபடி, பக்கத்தில் மைய இயக்குநரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்களுக்கு அந்த நிதி கிடைச்சுதா?"

"மூணு வருஷம் முன்னாடி. விழாவுல குடுத்தாங்க."

"பணம் வந்துச்சா?"

"ஃபோட்டோ வந்துச்சு" என்றார் அண்ணன், காகிதத்தை அடுக்கியபடி. "நல்லாவே வந்துச்சு. பணம் வரும்னு பாத்தேன். அதுக்குள்ள பேரை எடுத்துட்டாங்க. சரி, வளாகத்தை விட்டுப் போக மனசில்ல, இந்தக் கடையில சேந்துட்டேன். உன் நகலுக்குக் காசு வேணாம்மா."

மையம் ஒரு பட்டதாரியை உருவாக்கத் தவறியிருக்கலாம். ஆனால் ஒரு நகலகத்துக்கு நல்ல ஆளைக் கொடுத்திருக்கிறது. இதையும் சேவைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் மிக மென்மையான மனிதர். யாரையும் 'இல்லை' என்று சொல்லி நோகடித்ததே கிடையாது. அவருடைய அகராதியில் அந்த இடத்தில் 'பரிசீலனை' என்ற சொல் இருந்தது.

"அப்பாவுக்குக் கால் எப்பம்மா சரியாகும்?"

"இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னாங்க சார்."

"அப்ப இது தற்காலிகக் கஷ்டம். நம்ம நிதி நிரந்தரக் கஷ்டத்துக்கு."

"அதுக்கு முன்னாடியும் எங்களுக்குக் கஷ்டம்தான் சார். நான் பொறந்ததுலேர்ந்து."

இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டினார். "அப்படின்னா அது கஷ்டம் இல்லம்மா, பழக்கம்."

பக்கத்திலிருந்த தேர்வுக் குழு உறுப்பினர் அவளை மேலும் கீழும் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தாள். 'விண்ணப்பதாரரின் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை' என்று எழுதியிருந்தது.

"சார், எங்கம்மா இஸ்திரி போடறவங்க. அவங்ககிட்ட வேற எதுவும் இல்லாததாலதான் அதையாவது நல்லா போட்டு அனுப்பறாங்க."

"வீட்லயே இஸ்திரி வசதி" என்று உறுப்பினர் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

'என் கஷ்டம்' என்ற தலைப்பில் அவள் எழுதிக் கொடுத்த கட்டுரை நாலு நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'நடை நன்று. கஷ்டம் போதாது' என்று குறிப்பு. கூடவே 'பணமில்லாமல் நிம்மதியாக வாழ்வது எப்படி' என்ற இலவசப் பயிலரங்குக்கு ஓர் அழைப்பு. அதை நடத்தப் பயிற்சியாளர் விமானத்தில் வருகிறாராம்.

"இதுக்கு மேலயும் என்னத்தடி கஷ்டப்படறது?" என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

அப்பாவுக்குத் தொழில் கவலை. "அந்த லிஃப்ட் இப்பவாவது ரெண்டாவது மாடில நிக்குதா?"

"இல்லப்பா."

"ரிலே ஸ்விட்ச் போயிருக்கும். பத்து நிமிஷ வேலை. பணம்?"

"அதுவும் பரிசீலனையிலதான்பா."

கடைசி முயற்சியாகத் தவணை கேட்டுக் கட்டணப் பிரிவுக்குப் போனாள். அங்கே மூன்றாம் கவுண்டரில் முப்பத்தொரு வருஷமாக ஒரே காசாளர் உட்கார்ந்திருக்கிறார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஏழு விஷயம் பார்ப்பார்: தேதி, எண், கணக்கு, எழுத்தில் தொகை, எண்ணில் தொகை, கையொப்பம், முத்திரை. ஏழில் ஒன்று பிசகினாலும் திருப்பிவிடுவார். முத்திரை தலைகீழாக விழுந்துவிட்டது என்று துணைவேந்தர் அனுப்பிய தாளையே திருப்பிய ஆள். மாணவர்கள் அவரைக் கண்டால் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிடுவார்கள்.

"சார், ஒரு மாசம் தவணை..."

"விதில இல்லம்மா."

"மனசு வெச்சா முடியும் சார்."

"ஏழு விஷயத்துல மனசு வரலியேம்மா" என்றார் அவர். சொல்லும்போது கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரித்தான் இருந்தது.

கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மையத்திலிருந்து போன் வந்தது. நாளை நிதிக்கு வெள்ளி விழா. காசோலை பெற அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அம்மா அழுதேவிட்டாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, வலியில் 'ஐயோ' என்று மறுபடியும் சாய்ந்தார். வக்கீல் மட்டும் ஜெராக்ஸ் கடைச் சுவரை நினைத்துக்கொண்டாள்.

விழா என்றால் அப்படி ஒரு விழா. போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரன் படத்தைப் பெரிதாக்கி, அட்டைக் காசோலையில் எண்ணுக்குப் பதில் பூஜ்யமாக இருக்கிறது, கையெழுத்தே இல்லை என்று எழுதி மானத்தை வாங்கிவிட்டான். ஆகவே இந்த முறை எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு. நிதியின் காசோலைப் புத்தகத்தை எடுத்தார்கள். இருபத்தைந்து வருஷமாகப் புத்தம்புதிதாக, முதல் தாள்கூடக் கிழியாமல் இருந்தது. அந்த முதல் தாளின் எண்ணையே அட்டையில் அச்சிட்டார்கள். அன்றைய தேதி, நிதியின் கணக்கு எண், அவளுடைய பதிவு எண், கட்டணத் தொகை எழுத்திலும் எண்ணிலும். மாணவர் கையில் பணத்தைக் கொடுத்தால் செலவழித்துவிடுவார்கள் என்பது நிதியின் விதி. அதனால் காசோலை பல்கலைக்கழகக் கட்டணக் கணக்கின் பெயருக்கே எழுதப்பட்டிருந்தது. மேடையில் பதிவாளரும் இயக்குநரும் தடித்த பேனாவால், கேமராவைப் பார்த்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள். முத்திரை நேராக விழுந்தது.

படம் எடுப்பவர் மட்டும் திருப்தியாகவில்லை. "சட்டையைக் கொஞ்சம் கசக்கிக்கம்மா. உதவி வாங்கற மாதிரி இல்ல, உதவி பண்ற மாதிரி இருக்கு."

அவள் கசக்கவில்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து போட்ட இஸ்திரி அது. இயக்குநர் உரையாற்றினார். "இந்த மகளின் கண்ணீரைத் துடைப்பதே எங்கள் லட்சியம்" என்று அவர் சொன்னபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் இயக்குநர் அவள் தோளைத் தட்டினார். "சந்தோஷம்மா. அட்டையைக் கணக்குக் கட்டடத்து ஸ்டோர் ரூம்ல வெச்சிட்டுப் போயிடு."

"பணம் சார்?"

"உன் விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு."

"இப்பத்தானே சார் மேடையில குடுத்தீங்க?"

"அது விழாம்மா. இது அலுவலகம்."

"நாலு மணிக்கு என் பேரை எடுத்துடுவாங்க சார்."

"கவலைப்படாத. பெயர் நீக்கப்பட்டோர்க்குன்னே தனியா ஒரு நிதி இருக்கு."

"அதுக்கு யாரு சார் விண்ணப்பிக்கலாம்?"

"மாணவர் பட்டியல்ல பேர் இருக்கிற யாரு வேணும்னாலும்" என்று அன்போடு சொல்லிவிட்டு அவர் தேநீருக்குப் போனார்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காற்று வேறு. அது அவளை முன்னால் தள்ளியது, பக்கவாட்டில் இழுத்தது. ஸ்டோர் ரூமுக்குப் போகும் வழியில்தான் மூன்றாம் கவுண்டர். கடிகாரத்தில் மூன்று ஐம்பது. வரிசையில் நாலே பேர். அவள் நின்றாள். அட்டையை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை படித்தாள். தேதி, எண், கணக்கு என்று விரல்விட்டு எண்ணினாள். ஏழு வந்தது. வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

கவுண்டர் துளை வழியாக அது போகவில்லை. காசாளர் எழுந்து, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவருக்குக் கால் இருப்பதையே பலர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் வாசித்தார்.

"சார், அது அட்டை!" என்றான் பின்னால் நின்றவன்.

"காகிதமா இருக்கணும்னு விதில எங்க இருக்கு?"

"அதுக்காக இவ்ளோ பெருசா?"

"அளவைப் பத்தி விதி ஒண்ணும் சொல்லல. நீ உன் தாள்ல முத்திரை இருக்கான்னு பாரு."

மூன்று ஐம்பத்தாறு. காசாளர் கையெழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். முத்திரையைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"இந்த நாற்காலிக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆச்சும்மா" என்றார் மெதுவாக. "இந்தக் கணக்குலேர்ந்து ஒரு பைசா இங்க வந்து நான் பாத்ததில்ல. வந்திருக்கு. ஏழும் சரியா இருக்கு."

நிதிக் கணக்கில் பற்று, கட்டணக் கணக்கில் வரவு. இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கணக்குகள். வங்கிக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு ரசீது வந்தது. அதை வாங்கியதும்தான் அவள் உடைந்து அழுதாள்.

"அழாதம்மா" என்றார் காசாளர். "ரசீது நனைஞ்சா செல்லாது."

திங்கட்கிழமை இரண்டாவது மாடியில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை வெளேரென்று இருந்த நிதிக் கணக்கில் ஒரு செலவு! ரசீதை ரத்து செய்யச் சொல்லிக் கட்டணப் பிரிவுக்கு ஓடினார்கள். காசாளர் விதிப்புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். போட்ட ரசீதை ரத்து செய்ய வேண்டுமென்றால் மாணவியே கைப்பட விண்ணப்பிக்க வேண்டும். அட்டையை அவர் ஆவணமாகத் தன் நாற்காலிக்குப் பின்னால் சாத்திவைத்திருந்தார். பத்து வருஷம் பாதுகாக்க வேண்டுமாம்.

இயக்குநரே படிவத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார். ஐந்தாவது மாடி. அப்பா பார்த்துக்கொள்ளும் கட்டடம் என்பதால் லிஃப்ட் ஜம்மென்று ஒவ்வொரு மாடியிலும் நின்றது. ஆனாலும் அலைச்சலில் இயக்குநர் வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"ஒரு கையெழுத்தும்மா. நிதியோட நிலைமை ரொம்பக் கஷ்டமா போச்சு."

"மூணு நகல் கொண்டாந்தீங்களா சார்?" என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இயக்குநரை உற்றுப் பார்த்தாள். "பாவம்டி. சட்டையெல்லாம் கசங்கியிருக்கு. நிஜமாவே கஷ்டம்தான் போலருக்கு."

வக்கீல் படிவத்தை மரியாதையாக வாங்கி, பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

"குடுத்துட்டுப் போங்க சார். பரிசீலிக்கிறேன்."

அது இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது. அவள் தேர்வு எழுதி, தேறியும்விட்டாள். ஆனாலும் மையம் தன் கடமையிலிருந்து தவறவில்லை. ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்து, பதினொரு முறை கூடி, அறுபது பக்க அறிக்கை தந்திருக்கிறது. இனி அட்டைக் காசோலைகளில் கையெழுத்துப் போடக்கூடாது, நிதியின் கதவுகளை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும் என்றெல்லாம் அருமையான பரிந்துரைகள். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் யாரையும் தண்டிக்கவில்லை. அதற்கான காரணத்தைக் குழு கடைசிப் பக்கத்தில் பெருந்தன்மையோடு எழுதியிருக்கிறது: 'இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த நிதியிலிருந்து ஒரு மாணவருக்குப் பணம் போய்ச் சேர்ந்திருப்பது இதுவே முதல் முறை. முதல் குற்றம் என்பதால் மன்னிக்கப்படுகிறது.'